விளையாட்டு இடைமுக வடிவமைப்பைக் கற்கத் தொடங்குவோருக்கு: படிகள், செலவு, ஆவணங்கள், காலம்

கணினியிலும் கைப்பேசியிலும் விளையாடும்போது நாம் தொடும் பொத்தான்கள், உயிர் எவ்வளவு மீதமிருக்கிறது என்று காட்டும் பட்டை, மூலையில் தெரியும் வரைபடம், சேகரித்த பொருள்களை அடுக்கிவைக்கும் பை, அமைப்புகள் திரை ஆகியவை சேர்ந்ததே இடைமுகம்; அதை வடிவமைப்பது தனியான ஒரு தொழில். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைக் கற்க முயன்றபோது எனக்குக் கிடைத்த தகவல்கள் துண்டு துண்டாகவே இருந்தன. ஓரிடத்தில் மென்பொருள் பாடம் இருந்தது. இன்னோரிடத்தில் நிறக் கோட்பாடு இருந்தது. வேறோரிடத்தில் வேலை விளம்பரம் இருந்தது. எதை முதலில் செய்ய வேண்டும், எதற்குப் பணம் செலவிட வேண்டும், எதற்குச் செலவிடத் தேவையே இல்லை, எந்த ஆவணத்தை எப்போது தயார் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் ஓர் இடம் கிடைக்கவில்லை. புதிதாக வரும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படமாக வரைந்துவைத்த திரையை யாரும் இடைமுகமாக ஏற்பதில்லை. விரல் பட்டால் அமுங்கி, கண்ட்ரோலரின் அம்புக்குறிக்கு நகர்ந்து, வேறு அளவுத் திரையில் சிதையாமல் நிற்கும் திரையைத்தான் வேலை கொடுப்பவர்கள் கேட்கிறார்கள். ஆகவே கீழே உள்ள எல்லாப் படிகளும் இயங்கும் திரையை நோக்கியே செல்கின்றன. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், வேலைக்கு விண்ணப்பிக்கத்தக்க தொகுப்பை, அதாவது செய்த வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவை, உருவாக்க ஏறத்தாழ எட்டு முதல் பத்து மாதங்கள் ஆகும்.

1. எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வேலை விளம்பரங்களில் ஒரே மாதிரித் தெரியும் பெயர்கள் உண்மையில் வெவ்வேறு வேலைகள். யூஐ (இடைமுகம்) ஆர்ட்டிஸ்ட் என்பவர் ஐகான், சட்டகம், எழுத்துரு, நிறம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறார். யூஎக்ஸ் (பயனர் அனுபவம்) டிசைனர் என்பவர் ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு எப்படிப் போவது, எந்தத் தகவலை எப்போது காட்டுவது என்பதைத் திட்டமிடுகிறார். டெக்னிக்கல் யூஐ ஆர்ட்டிஸ்ட் அல்லது யூஐ புரோகிராமர் என்பவர் அதை எஞ்சினுக்குள், அதாவது விளையாட்டைக் கட்டி இயக்கும் மென்பொருளுக்குள், கட்டி இயங்கவைக்கிறார். சிறிய நிறுவனங்களில் மூன்றையும் ஒருவரே செய்வார். பெரிய நிறுவனங்களில் பிரிந்திருக்கும். நான்காவதாக, அனிமேஷன் படங்களிலும் தொடர்களிலும் பாத்திரங்களின் கணினித் திரையில் ஓடும் வரைகலையைச் செய்யும் வேலை ஒன்று உண்டு. அதற்கு அசைவுதான் முதன்மை.

முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, உங்கள் தொகுப்பின் முகப்பில் அந்தப் பெயரையே எழுதுங்கள். “எல்லா வடிவமைப்பும் செய்வேன்” என்று எழுதியிருப்பவரை எந்தக் காலியிடத்துக்குப் பொருத்துவது என்று ஆள் எடுப்பவருக்குத் தெரியாது.

2. கல்லூரியா, வீடா

பட்டப் படிப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் நாள்காட்டியை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஐஐடிகளில் வடிவமைப்பு இளநிலை படிக்க யூசீட் தேர்வும், பட்டம் பெற்ற பிறகு முதுநிலை படிக்க சீட் தேர்வும் எழுத வேண்டும். இரண்டும் ஜனவரியில் நடக்கின்றன. விண்ணப்பம் முந்தைய அக்டோபரிலேயே தொடங்கிவிடும். யூசீட் தேர்வை ஒருவர் அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே எழுதலாம் என்பதால், பயிற்சி இல்லாமல் ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அதன் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் விளையாட்டு வடிவமைப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப் படிப்பு உண்டு. அரசு நிறுவனம் என்பதால் தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் செலவு குறைவு. சான்றிதழ்களில் சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைப் பெறத்தான் நாள் பிடிக்கும். ஆகவே விண்ணப்பம் திறக்கும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

தனியார் பயிற்சி மையங்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டுப் படிப்புக்கே லட்சத்தைத் தாண்டிக் கட்டணம் கேட்கும் இடங்கள் பல உள்ளன. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பாடத்தில் எந்த விளையாட்டு எஞ்சின் இருக்கிறது? சென்ற ஆண்டு முடித்த மாணவர்களின் இயங்கும் திரைகளை இப்போது காட்ட முடியுமா? பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்கிறதா? ஃபோட்டோஷாப் மட்டும் கற்றுத்தரும் படிப்புக்கு விளையாட்டு வடிவமைப்பு என்று பெயர் வைத்திருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். “நூறு சதவீத வேலை உறுதி” என்ற வரி விளம்பரத்தில் இருந்து ஒப்பந்தத்தில் இல்லை என்றால், அந்த வரிக்கு மதிப்பு எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி வீட்டிலிருந்து கற்பவர்களுக்கானது. கல்லூரியில் சேருவோரும் இதே பயிற்சிகளைச் செய்யலாம்.

3. கணினி, மென்பொருள், செலவு

16 ஜிபி நினைவகம் உள்ள கணினி ஒன்று போதும். 8 ஜிபி இருந்தால் தொடங்கலாம். ஆனால் வடிவமைப்பு மென்பொருளையும் எஞ்சினையும் சேர்த்துத் திறக்கும்போது தடுமாறும். பழைய மடிக்கணினியில் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள்; புதிது வாங்குவதைவிட அது பல மடங்கு மலிவு. ஐகான் வரைய விரும்புவோருக்குச் சிறிய அளவு கிராஃபிக்ஸ் டேப்லெட் 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும். திரையோடு கூடிய டேப்லெட் இந்த வேலைக்கு அவசியமில்லை.

மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் முழுப் பாதையையும் கடக்கலாம். திரைகளைத் திட்டமிட ஃபிக்மாவின் இலவசத் திட்டம் போதும். கோப்புகளின் எண்ணிக்கையில் வரம்பு உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவர் என்றால் சான்று காட்டிக் கூடுதல் வசதிகளை இலவசமாகப் பெறலாம். வரைவதற்குக் கிரீட்டா, வெக்டர் ஐகான்களுக்கு இங்க்ஸ்கேப், முப்பரிமாண ஐகான்களுக்கு பிளெண்டர் ஆகிய மூன்றும் திறமூல மென்பொருள்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, கோடோவில் தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. அது எம்ஐடி உரிமத்தில் வருகிறது, எந்தக் கட்டணமும் இல்லை, பதிவிறக்கம் சிறியது, பழைய கணினியிலும் ஓடும், இடைமுகத்துக்கான கருவிகள் அதில் நன்றாக அமைந்துள்ளன. வேலைச் சந்தையில் யூனிட்டியும் அன்ரியலும் அதிகம் கேட்கப்படுகின்றன என்பது உண்மைதான். கோடோவில் கற்ற அடிப்படை அப்படியே அங்கும் பயன்படும் என்பதால் ஆறாவது மாதத்தில் மாறிக்கொள்ளலாம். யூனிட்டியின் பெர்சனல் உரிமம் ஆண்டு வருவாய் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை இலவசம். அன்ரியலில் ஒரு விளையாட்டின் மொத்த வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகே 5 சதவீதம் பங்கு செலுத்த வேண்டும். கற்பவருக்கு இரண்டுமே இலவசம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

திருட்டு மென்பொருளை நிறுவாதீர்கள். உரிமச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கோப்புகளோடு வரும் தீநிரல் உங்கள் கணக்குகளின் கடவுச்சொற்களைக் கொண்டுபோகும், மாதக்கணக்கில் செய்த வேலையையும் அழித்துவிடும். இலவசமாகவே இவ்வளவு தரமான கருவிகள் இருக்கும்போது அந்த ஆபத்து தேவையற்றது.

மொத்தத்தில், கணினி கையில் இருந்தால் 10,000 ரூபாய்க்குள் ஆண்டு முழுவதும் கற்கலாம். அதில் பெரும்பகுதி டேப்லெட்டுக்கும் இணையத்துக்கும் போகும்.

4. விளையாடுங்கள், பிரித்துப் பாருங்கள்

முதல் மாதம் வரைய வேண்டாம். மூன்று விளையாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று கைப்பேசியில், ஒன்று கணினியில் அல்லது கன்சோலில், ஒன்று உங்களுக்குப் பிடிக்காத வகையில். ஒவ்வொன்றையும் திரைப்பதிவு செய்து, பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். விளையாட்டைத் திறந்ததிலிருந்து ஆட்டம் தொடங்கும்வரை எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது? உயிர் குறையும்போது பட்டை மட்டும் மாறுகிறதா, திரையின் ஓரமும் சிவக்கிறதா, ஒலியும் மாறுகிறதா? பணம் போதாத பொருளை வாங்க முயன்றால் என்ன நடக்கிறது? இவற்றை எழுதிவைத்து, எல்லாத் திரைகளையும் அம்புக்குறியால் இணைத்து ஒரே தாளில் வரைபடமாக்குங்கள்.

ஆட்டத்தின் மீது மிதக்கும் தகவல்களை ஹட் என்பார்கள். எல்லாத் தகவலும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2008-இல் வந்த டெட் ஸ்பேஸ் விளையாட்டில் நாயகனின் உயிரளவு அவன் உடையின் முதுகுத்தண்டில் ஒளிரும் கோடாகவே இருக்கும்; தனியாகப் பட்டை கிடையாது. கதையுலகத்துக்குள்ளேயே இருக்கும் தகவல், திரைமீது ஒட்டிய தகவல், கதையுலகில் இல்லாமல் முப்பரிமாண வெளியில் மட்டும் நிற்கும் தகவல், கதையுலகில் இருப்பதைத் திரையின் மீது காட்டும் இரத்தத் துளி போன்ற தகவல் என்று நான்காகப் பிரித்துப் பழகினால், பார்த்த எதையும் விரைவாக அலச முடியும். கேம் யூஐ டேட்டாபேஸ், இன்டர்ஃபேஸ் இன் கேம் ஆகிய இரண்டு தளங்களிலும் ஏராளமான விளையாட்டுகளின் திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே பார்ப்பது நல்லது. ஆனால் அசையாத படத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது ஆபத்து. நீங்களே விளையாடிய விளையாட்டைப் பற்றித்தான் உறுதியாகப் பேச முடியும்.

5. நிறம் இல்லாமல் திட்டமிடுங்கள்

சிறிய விளையாட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கதை முக்கியமில்லை. தொடக்கத் திரை, அமைப்புகள், ஆட்டத் திரை, இடைநிறுத்தம், பொருள்பை, முடிவுத் திரை என்ற ஆறு திரைகள் போதும். ஃபிக்மாவில் சாம்பல் நிறப் பெட்டிகளாக மட்டும் இவற்றை அமையுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு நிறமும் ஐகானும் தொடாதீர்கள்; அழகு வந்துவிட்டால் குறை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அளவுகளை ஊகிக்க வேண்டியதில்லை. 1920×1080 திரையை அடிப்படையாக வையுங்கள். தொலைக்காட்சியில் தள்ளி உட்கார்ந்து விளையாடும் கன்சோலுக்கு, அந்தத் திரையில் எழுத்து குறைந்தது 26 பிக்சல் இருக்க வேண்டும் என்றும், கணினிக்கு 18 பிக்சல் இருக்க வேண்டும் என்றும் எக்ஸ்பாக்ஸ் அணுகல்தன்மை வழிகாட்டி சொல்கிறது. கைப்பேசியில் தொடும் பகுதி ஆப்பிள் வழிகாட்டியின்படி 44×44 பாயிண்ட்டுக்கும், ஆண்ட்ராய்டு வழிகாட்டியின்படி 48×48 டிபிக்கும் (dp) குறையக் கூடாது; பாயிண்ட், டிபி இரண்டும் அந்தந்த அமைப்பின் அளவு அலகுகள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கட்டும். தொலைக்காட்சிக்கு நான்கு பக்கமும் 5 சதவீத இடத்தைக் காலியாக விடுங்கள். கைப்பேசியில் கேமராவுக்கான வெட்டுப்பகுதியும் வளைந்த மூலைகளும் எங்கே வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடிக்கும்போது இரு கட்டைவிரல்களும் கீழ் மூலைகளை மறைக்கும். முக்கியமான எண்ணை அங்கே வைத்தால் ஆடுபவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

6. எஞ்சினுக்குள் கட்டுங்கள்

பெரும்பாலானோர் விட்டுவிட்டுப் போகும் படி இதுதான். மூன்று மாதத்தையாவது இதற்குக் கொடுங்கள்.

கோடோவில் இடைமுகத்துக்கான உறுப்புகள் எல்லாம் கண்ட்ரோல் என்ற வகையிலிருந்து வருகின்றன. முதலில் கற்க வேண்டியவை ஆங்கரும் கண்டெய்னரும். ஓர் உறுப்பு திரையின் எந்த ஓரத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதை ஆங்கர் தீர்மானிக்கிறது; தனக்குள் இருப்பவற்றை வரிசையாகவோ கட்டமாகவோ தானே அடுக்குவது கண்டெய்னர். புதியவர்கள் ஒவ்வொரு பொத்தானையும் சுட்டியால் இழுத்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியும் இடத்தில் வைத்துவிடுவார்கள். அது அந்த ஒரு திரையளவில் மட்டுமே சரியாக இருக்கும். புராஜெக்ட் அமைப்புகளில் ஸ்ட்ரெட்ச் முறையைக் கேன்வாஸ் ஐட்டம்ஸ் என்றும், விகிதத்தை எக்ஸ்பேண்ட் என்றும் வைத்து, சாளரத்தை இழுத்து நீட்டிச் சுருக்கிப் பாருங்கள். 1280×720, 1920×1080, நீண்ட கைப்பேசிகளுக்கான 2400×1080, ஐபேட் போன்ற 4:3 விகிதம் ஆகிய நான்கிலும் எதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வெளியே தள்ளப்படாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது சட்டகங்கள். ஒரு பெட்டியின் படத்தை அப்படியே நீட்டினால் அதன் மூலை அலங்காரம் இழுபட்டுக் கோணும். படத்தை ஒன்பது துண்டாகப் பிரித்து, மூலைகள் மாறாமலும் ஓரங்கள் ஒரு திசையில் மட்டும் நீளும்படியும் வைப்பதை நைன்-ஸ்லைஸ் என்கிறார்கள். கோடோவில் இதற்கு நைன்பேட்ச் ரெக்ட் உண்டு, யூனிட்டியில் ஸ்பிரைட் எடிட்டரில் எல்லைக்கோடு வைப்பார்கள். நேர்முகத்தில் அடிக்கடி கேட்கப்படுவது இது. சட்டகம் வரையும்போதே மூலை எங்கே முடிகிறது, நீளும் பகுதி எங்கே தொடங்குகிறது என்று யோசித்து வரைந்தால் ஒரு சிறிய பிஎன்ஜி கோப்பு நூறு இடங்களில் பயன்படும்.

பொத்தான் ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து நிலைகள் தேவை: இயல்பு, சுட்டி மேலே வந்த நிலை, அழுத்திய நிலை, கண்ட்ரோலரால் தேர்வான நிலை, செயலற்ற நிலை. இவற்றை ஒவ்வொரு பொத்தானிலும் தனித்தனியாக அமைக்காமல் தீம் கோப்பில் ஒரே இடத்தில் அமையுங்கள். பிறகு நிறத்தை மாற்றச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியும். தேர்வான நிலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரை திறந்தவுடன் ஏதாவது ஒரு பொத்தான் தேர்வாகி இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ட்ரோலர் வைத்திருப்பவரால் எங்கும் நகர முடியாது. சுட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு, அம்புக்குறி விசைகளால் மட்டும் ஆறு திரைகளையும் சுற்றிவந்து பாருங்கள்.

பிறகு மோசமான தரவைக் கொடுத்துச் சோதியுங்கள். ஆட்டக்காரரின் பெயர் இருபது எழுத்து இருந்தால் என்னாகும்? தங்கக்காசு 0 என்றாலும் 9,99,99,999 என்றாலும் அதே பெட்டியில் அடங்குகிறதா? பொருள்பை முற்றிலும் காலியாக இருந்தால் வெறும் கறுப்புத் திரை தெரிகிறதா, அல்லது அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வரி இருக்கிறதா? ஃபிக்மாவில் அழகாகத் தெரிந்த திரை பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் உடைகிறது.

எழுத்தைப் படத்துக்குள் வரைந்துவிடாதீர்கள். “தொடங்கு” என்ற சொல்லைப் பொத்தானின் படத்திலேயே எழுதிவைத்தால், மொழி மாறும் நாளில் எல்லாப் படங்களையும் மீண்டும் வரைய வேண்டிவரும்.

7. தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டுங்கள்

தமிழில் ஒரு திரையாவது செய்யுங்கள். நம் மொழிக்கு நல்ல இடைமுகம் கொண்ட விளையாட்டுகள் மிகக் குறைவு என்பதால் மட்டும் சொல்லவில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தெரிந்தவர்களும் குறைவு.

தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும் முன்னால் காட்டப்பட வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது எழுத்து வடிவமைக்கும் நிரல். யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோ என்ற கருவியில் அந்த வசதி இல்லாததால், “கெ” என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். “கொடு” என்பதும் சிதையும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து நாள்கணக்கில் எழுத்துருவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சிக்கல் அங்கே இல்லை. யூனிட்டி 6-இல் யூஐ டூல்கிட்டுக்கென வந்துள்ள மேம்பட்ட எழுத்து உருவாக்கியைப் பயன்படுத்தலாம். கோடோ 4-லும் அன்ரியலிலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் உள்ளேயே இருப்பதால் தமிழ் சரியாகவே தெரியும். எந்த எஞ்சினை எடுத்தாலும் “கொடு”, “மேகம்”, “கௌதாரி”, “ஸ்ரீ” ஆகிய நான்கு சொற்களையும் முதல் நாளே தட்டச்சு செய்து பார்த்துவிடுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்ல தொடக்கம். திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் வணிக விளையாட்டிலும் சேர்க்கலாம். “தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்” என்று உரிமம் எழுதப்பட்ட எழுத்துருவைத் தொகுப்பில்கூடச் சேர்க்காதீர்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே தலைப்பைத் தனித்துக் காட்ட அளவும் தடிமனும்தான் உதவும். மேலே விசிறியும் கீழே சுழியும் நீளும் எழுத்துகள் இருப்பதால் வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். “ப்ளே” என்று இரண்டெழுத்தில் முடியும் பொத்தான் “விளையாடத் தொடங்கு” என்று நீளலாம். பொத்தானின் அகலம் எழுத்துக்கேற்ப வளர வேண்டும்.

8. அசைவைச் சேருங்கள்

அழுத்தியதற்கான பதில் பத்தில் ஒரு நொடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; அதைத் தாண்டினால் விளையாட்டு மந்தமாக இருப்பதாகத் தோன்றும். திரை திறப்பதும் மூடுவதும் 150 முதல் 300 மில்லிநொடிக்குள் முடியட்டும். உள்ளே வருவது வேகமாகத் தொடங்கி மெதுவாக நிற்கட்டும். வெளியே போவது மெதுவாகத் தொடங்கி வேகமாக மறையட்டும். கோடோவில் ட்வீன், அனிமேஷன் பிளேயர் ஆகிய இரண்டும் இதற்குப் போதும். பெட்டி திறந்து பரிசு வெளிப்படுவது போன்ற நீண்ட அசைவுகளைத் தாண்டிப்போக வழி வையுங்கள். முதல் முறை மகிழ்ச்சி தரும் மூன்று நொடி, ஐம்பதாவது முறை எரிச்சல் தரும். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மினுங்கும் எதையும் செய்யாதீர்கள்; வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது உண்மையான ஆபத்து. அசைவைக் குறைக்கும் தேர்வு அமைப்புகள் திரையில் இருக்கட்டும்.

அனிமேஷன் படத்துக்கான திரைகளைச் செய்ய விரும்புவோருக்கு இந்தப் படியே முதன்மையானது. படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். இரண்டு நொடிக் காட்சி என்றால் உங்களிடம் இருப்பது 48 சட்டகம் மட்டுமே. அதற்குள் பார்வையாளர் படித்துவிடக்கூடியது ஒரு சொல் அல்லது ஒரு எண்தான். மீதி எல்லாம் அந்த எண்ணை நோக்கிக் கண்ணை இழுக்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இத்துறையில் பரவலாக இருந்தாலும் பிளெண்டரிலேயே கற்கத் தொடங்கலாம். ஒளிபுகும் பின்னணியோடு பிஎன்ஜி வரிசையாக ஒப்படைக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். படத்தொகுப்பாளர்கள் அதையே விரும்புவார்கள்.

9. பிறரிடம் கொடுத்துப் பாருங்கள்

ஐந்து பேர் போதும். விளையாட்டே ஆடாத ஒருவரும், நாள்தோறும் ஆடுபவர் ஒருவரும் அதில் இருக்கட்டும். “ஒலியைக் குறைத்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புங்கள்” என்று ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்க வேண்டும் என்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்பதைப் பதிவு செய்யுங்கள். பிறகு திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்: சிவப்பு, பச்சை என்ற நிற வேறுபாட்டால் மட்டும் சொல்லப்பட்ட தகவல் மறைந்துபோனால், அங்கே ஒரு வடிவமோ குறியோ சேர்க்க வேண்டும். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் ஆண்களிடையே கணிசமாக இருக்கிறார்கள்.

10. தொகுப்பையும் ஆவணங்களையும் தயார் செய்யுங்கள்

இரண்டு அல்லது மூன்று திட்டங்கள் போதும். பத்துத் திட்டங்களில் எட்டு அரைகுறையாக இருப்பதைவிட அது மேல். ஒவ்வொன்றுக்கும் நான்கு பொருள்கள் வேண்டும்: உலாவியிலேயே ஓடும் வடிவம், ஒன்றரை நிமிடத்துக்கு மிகாத காணொளி, சாம்பல் பெட்டியிலிருந்து இறுதித் திரைவரை எப்படி வந்தது என்று காட்டும் பக்கம், சோதனையில் என்ன மாறியது என்ற சிறு குறிப்பு. உலாவி வடிவத்தை இட்ச்.ஐஓ தளத்தில் இலவசமாக ஏற்றலாம். கோடோவிலிருந்து ஏற்றுமதி செய்யும்போது முதன்மைக் கோப்புக்கு இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் (index.html) என்று பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஜிப்பில் சுருக்குங்கள். பெயர் வேறாக இருந்தால் தளம் விளையாட்டைத் திறக்காது. ஆப்பிளின் ஆண்டுக் கட்டணமான 99 டாலரையும், கூகுள் பிளேயின் ஒருமுறைக் கட்டணமான 25 டாலரையும், ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கான 100 டாலரையும் இந்தக் கட்டத்தில் செலுத்த வேண்டாம். கற்பவரின் தொகுப்புக்கு அவை தேவையில்லை.

மூன்றில் ஒரு திட்டமாவது பிறரோடு சேர்ந்து செய்ததாக இருக்கட்டும். குறுகிய காலத்தில் குழுவாகச் சேர்ந்து விளையாட்டு உருவாக்கும் நிகழ்வை ஜாம் என்பார்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் குளோபல் கேம் ஜாம் நடக்கிறது; இட்ச்.ஐஓவில் எல்லா வாரமும் ஏதாவது ஒரு ஜாம் நடந்துகொண்டிருக்கும். நிரல் எழுதுவோர் நிறையப் பேர் வருவார்கள். இடைமுகம் செய்பவர் அரிது என்பதால் உங்களுக்கு எளிதாக இடம் கிடைக்கும். தொகுப்பில் எதை நீங்கள் செய்தீர்கள், எதை மற்றவர் செய்தார் என்று வெளிப்படையாக எழுதுங்கள். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

இன்னோர் ஆவணம் பற்றி யாரும் சொல்வதில்லை. பயன்படுத்திய எழுத்துரு, ஒலி, இலவச ஐகான் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, என்ன உரிமம், எந்த நாளில் பதிவிறக்கப்பட்டது என்று ஓர் அட்டவணை வைத்திருங்கள். முதல் நாளிலிருந்தே எழுதினால் இது சில நிமிட வேலை. ஆண்டு முடிவில் தேடினால் முடியாத வேலை.

11. விண்ணப்பமும் பணமும்

பெங்களூரு, ஹைதராபாத், புனே, மும்பை ஆகிய நகரங்களில் பெரிய நிறுவனங்கள் உள்ளன: பெங்களூருவில் ராக்ஸ்டார், ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், புனேயிலும் மும்பையிலும் யூபிசாஃப்ட். விண்ணப்பத்தை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் செலுத்துங்கள். வேலைக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினி வைப்புத்தொகை என்று எதைக் கேட்டாலும் அது மோசடி. திறமையைச் சோதிக்க ஒரு வேலை கொடுத்தால், இரண்டு மூன்று நாள்களில் முடியக்கூடியதா என்று பாருங்கள். உண்மையான விளையாட்டுக்கான முழுத் திரைகளை இலவசமாகச் செய்துதரச் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அந்த வேலையை எப்போது தொகுப்பில் காட்டலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனியாக வேலை எடுப்போர் பான் அட்டை, வெளிநாட்டுப் பணம் பெற வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, எண்ணிட்ட பில் ஆகிய மூன்றையும் முன்பே தயார் செய்யுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற படிவத்தைக் கேட்கும். அமெரிக்கர் அல்லாத தனிநபர் என்று உறுதிசெய்யும் இலவசப் படிவம் அது. அதற்கு யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு தொகைக்கும் வங்கியிடம் வரவுச் சான்று வாங்கிச் சேமியுங்கள். சேவைகளுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். அந்த நிலை நெருங்கும்போது ஒரு பட்டயக் கணக்கரைப் பாருங்கள். வேலையைத் தொடங்குமுன் 30 முதல் 50 சதவீதத்தை முன்பணமாகக் கேளுங்கள். எத்தனை திரை, எத்தனை முறை திருத்தம், மூலக் கோப்பு யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் மின்னஞ்சலிலாவது எழுதி, அவர்கள் “சரி” என்று பதில் அனுப்பிய பிறகே முதல் பெட்டியை வரையத் தொடங்குங்கள்.